முடியத் தெரியாத அழற்சி

கருங்கல் அறுக்கும் இடத்தில் பறக்கும் தூசியில், கண்ணுக்குத் தெரியும் தூசியால் அவ்வளவு கேடு இல்லை. அது மூக்கிலும் தொண்டையிலும் சளியோடு ஒட்டிக்கொண்டு தும்மலிலோ இருமலிலோ வெளியேறிவிடும். ஒரு மில்லிமீட்டரை இருநூறு கூறு போட்டால் கிடைக்கும் அளவைவிடவும் சிறிய சிலிக்காத் துகள்தான் மூச்சோடு நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்குகிறது. அங்கே மேக்ரோபேஜ் என்ற செல் இருக்கிறது. பாடநூல்கள் பெருவிழுங்கணு என்கின்றன. கிருமியோ புகைக்கரியோ, வந்து விழும் எதையும் விழுங்கிச் செரிப்பது அதன் வேலை. சிலிக்காவையும் விழுங்குகிறது.

செரிக்கத்தான் முடிவதில்லை. விழுங்கிய துகளைச் சுற்றி ஒரு சிறு பை உருவாகும். அதற்குள் அமிலமும் நொதிகளும் கொட்டும். பாக்டீரியாவாக இருந்தால் அத்தோடு கதை முடிந்துவிடும். சிலிக்கா படிகம் கரையாது. அந்தப் பையின் சவ்வைக் கிழித்துவிடும். அமிலமும் நொதிகளும் செல்லின் உள்ளேயே கசியும். கசிவை உணர்ந்ததும் செல்லுக்குள் சில புரதங்கள் ஒன்றுகூடி இன்ஃபிளமசோம் என்ற அமைப்பாகின்றன. அது இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற செய்திப் புரதத்தை வெட்டித் தயார் செய்து வெளியே அனுப்பும். மேலும் வெள்ளணுக்கள் அந்த இடத்துக்கு வரவேண்டும் என்பதே அதன் செய்தி. பிறகு மேக்ரோபேஜ் செத்துப்போகிறது. துகள் மட்டும் சேதமில்லாமல் வெளியே வருகிறது. அடுத்த மேக்ரோபேஜ் அதை விழுங்குகிறது.

இந்தச் சுழற்சிக்கு முடிவே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்திலிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொஞ்சம் கொலாஜன் நாரை உருவாக்கி வைக்கின்றன. மிருதுவான நுரையீரல் முடிச்சு முடிச்சாக இறுகுகிறது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல்லைத் தீட்டி மெருகேற்றும் தொழிலாளர்களும், மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் சிலேட்டுக் குச்சி செய்தவர்களும் இந்தச் சிலிக்கோசிஸ் நோயால் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்தும் நோய் வளர்ந்துகொண்டே போகும் என்பதுதான் இதில் கொடுமை. புதிய தூசி எதுவும் போகவில்லை. பழைய தூசி உள்ளேயே இருக்கிறது. அது போதும்.

நாட்பட்ட அழற்சி என்று இன்று மாரடைப்பு முதல் மறதிநோய் வரை எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்லப்படும் அந்த விஷயத்தை அதன் மிக எளிய வடிவில் காண வேண்டுமென்றால் சிலிக்கோசிஸைத்தான் பார்க்க வேண்டும். உடல் இங்கே தவறாக எதையும் தொடங்கவில்லை. அந்நியப் பொருள் வந்தது, விழுங்கியது, உதவிக்கு ஆள் அழைத்தது. எல்லாம் முறைப்படிதான் நடந்தது. முடிக்க வழியில்லை என்பதுதான் கோளாறு. நாட்பட்ட அழற்சியின் செல்களையும் காரணங்களையும் விளைவுகளையும் இந்த ஒரு கோணத்தில் பார்த்தால், மருந்துக்கடையிலும் யூடியூபிலும் விற்கப்படும் பல தீர்வுகள் ஏன் பலிப்பதில்லை என்பதும் விளங்கும்.

ஒழுங்காக முடியும் அழற்சி எப்படி இருக்கும்? காலில் முள் குத்துகிறது. சில நிமிடங்களில் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் முதலாம் நூற்றாண்டிலேயே இந்த நான்கு குறிகளையும் பட்டியலிட்டுவிட்டார். ஆனால் உள்ளே நடப்பது என்ன என்று தெரிய நுண்ணோக்கி வரவேண்டியிருந்தது. 1867இல் யூலியஸ் கோன்ஹைம் தவளையின் உடலில் நுண்ணிய ரத்தக்குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெள்ளணுக்கள் குழாயின் சுவரில் ஒட்டி, அதன் இடுக்கில் நுழைந்து, வெளியே வருவதைக் கண்டார். 1882இல் சிசிலித் தீவின் மெசினாவில் இலியா மெச்னிகோவ், கண்ணாடி போலத் தெளிவாகத் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் முள்ளைச் செருகிவிட்டு மறுநாள் காலை பார்த்தார். முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. விழுங்கணு என்ற கருத்து அங்கே பிறந்தது. 1908இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

முதலில் வருவது நியூட்ரோபில். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களை உற்பத்தி செய்கிறது. ரத்தத்தில் இவற்றுக்கு ஆயுள் குறைவு. வந்த இடத்தில் கிருமியை விழுங்கும், கடுமையான நொதிகளைக் கொட்டும், சாகும். நாம் சீழ் என்று சொல்வதில் பெரும்பகுதி செத்த நியூட்ரோபில்கள். ஓரிரு நாளில் மோனோசைட்டுகள் வந்து மேக்ரோபேஜ்களாக மாறி, செத்தவற்றைக் கிருமியோடு சேர்த்து விழுங்கத் தொடங்குகின்றன. பந்தி பரிமாற நூறு பேர் வந்தாலும், இலை எடுக்க ஆள் இல்லாவிட்டால் அடுத்த பந்தி உட்கார முடியாது. அந்த இலை எடுக்கும் வேலைதான் இது. செத்த செல்லை விழுங்கிய மேக்ரோபேஜின் குணமே மாறுகிறது. அழைப்பு விடுக்கும் புரதங்களைக் குறைத்து, ஆற்றும் புரதங்களைச் சுரக்கிறது.

அழற்சி தானாகத் தணிந்துவிடும், தூண்டுதல் போனால் எதிர்வினையும் போய்விடும் என்றுதான் நெடுங்காலம் மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள். அது அப்படியில்லை என்று காட்டியவர்களில் முக்கியமானவர் பாஸ்டனில் பணிபுரியும் சார்ல்ஸ் செர்ஹான். அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கொழுப்பு அமிலத்திலிருந்து செய்யும் அதே செல்கள், ஒரு கட்டத்தில் தடம் மாறி, அழற்சியை முடித்துவைக்கும் பொருள்களைச் செய்யத் தொடங்குகின்றன. 1980களில் லிப்பாக்சின்களையும், 2000த்தை ஒட்டி ரிசால்வின்களையும் அவர் குழு கண்டறிந்தது. ரிசால்வின்கள் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களிலிருந்து உருவாகின்றன. ஆக, முடிவும் ஒரு வேலை. அதற்கும் செல்களும் வேதிப்பொருள்களும் வேண்டும்.

1999இல் லண்டனில் டெரெக் கில்ராயும் சகாக்களும் எலிகளில் கண்டது இதற்கு நல்ல சான்று. வலி மாத்திரைகள் தடுக்கும் காக்ஸ்-2 என்ற நொதி, அழற்சியின் தொடக்கத்தில் ஒரு தடவையும், அது அடங்கும் நேரத்தில் இன்னொரு தடவையும் கூடுகிறது. இரண்டாம் கட்டத்தில் அந்த நொதியைத் தடுத்தபோது அழற்சி குறையாமல் நீண்டது. எலிக்குப் பொருந்தியது மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், அழற்சி எங்கே கண்டாலும் அதை அமுக்கிவிட்டால் நல்லது என்ற எண்ணத்தைச் சந்தேகிக்க அது போதுமான காரணம்.

அழற்சி வாரக்கணக்கில் நீளும்போது அந்த இடத்தில் குடியேறும் செல்களின் கூட்டமே மாறிவிடுகிறது. நோயியல் மருத்துவர் திசுத்துண்டைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தவுடன் இதைச் சொல்லிவிடுவார். நியூட்ரோபில்கள் குறைந்து, மேக்ரோபேஜ்களும் லிம்போசைட்டுகளும், எதிர்ப்பொருள்களைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களும் நிறைந்திருக்கும். ஒரு பக்கம் திசு அழிந்துகொண்டிருக்கும், மறுபக்கம் புதிய ரத்தக்குழாய்களும் நார்த்திசுவும் வளர்ந்துகொண்டிருக்கும். டி லிம்போசைட், மேக்ரோபேஜை உசுப்பும் காமா இன்டர்ஃபெரானைச் சுரக்கும். உசுப்பப்பட்ட மேக்ரோபேஜ் மறுபடியும் டி செல்லை அழைக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று தூண்டிக்கொண்டே இருப்பதால், தொடங்கிவைத்த காரணம் சிறுத்துப்போன பிறகும் அழற்சி ஓடுகிறது.

நம் நாட்டில் இதற்கு மிகப் பழகிய உதாரணம் காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். காசநோய்க் கிருமியை மேக்ரோபேஜ் விழுங்கும். ஆனால் கிருமி செரிமானப் பையைத் தன் வசதிக்கேற்ப மாற்றிக்கொண்டு உள்ளேயே வாழும். கொல்ல முடியாததைச் சுற்றி மேக்ரோபேஜ்கள் நெருக்கியடித்து, சில ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருக்கள் கொண்ட ராட்சதச் செல்லாகி, வெளியே லிம்போசைட் வளையமுமாக ஒரு முடிச்சு உருவாகும். இதுவே கிரானுலோமா. இது கிருமியைச் சிறைவைக்கும் சுவர் என்றுதான் பாடநூல்களில் படித்தோம். கேம்பிரிட்ஜின் லலிதா ராமகிருஷ்ணன் (சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை) வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் கிரானுலோமா உருவாவதை நேரடியாகப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. செத்த மேக்ரோபேஜை விழுங்க வரும் புதிய மேக்ரோபேஜ்களுக்குள் கிருமி குடிபெயர்ந்து பெருகுகிறது. ஆரம்ப நாட்களில் கிரானுலோமா கிருமிக்குச் சிறை மட்டுமன்று, வாகனமும்தான்.

அதற்காகக் கிரானுலோமாவைக் கலைத்துவிடவும் கூடாது. முடக்குவாதத்துக்கும் குடல் அழற்சி நோய்களுக்கும் டி.என்.எஃப். என்ற செய்திப் புரதத்தை (சைட்டோகைனை) தடுக்கும் இன்ஃபிளிக்சிமாப் மருந்து 1990களின் இறுதியில் வந்தது. 2001இல் அந்த மருந்து பெற்ற 70 பேருக்குக் காசநோய் வந்த விவரம் வெளியானது. உள்ளே உறங்கிக்கொண்டிருந்த கிருமியைக் கட்டிவைத்திருந்தது டி.என்.எஃப். என்பது அப்போதுதான் நோயாளிகளின் உடலில் தெளிவானது. இன்று அந்த ஊசி போடுவதற்கு முன் மூட்டுநோய் மருத்துவர் காசநோய்ப் பரிசோதனை கேட்பதன் காரணம் இதுவே.

இனி ரத்தக்குழாய்க்கு வருவோம். இங்கேதான் நாட்பட்ட அழற்சி அதிகம் பேரைக் கொல்கிறது. பலர் நினைப்பதுபோல மாரடைப்பு, குழாயின் உள்பரப்பில் அழுக்குபோலக் கொழுப்பு படிந்து அடைப்பதால் வருவதில்லை. கொலஸ்டிராலைச் சுமக்கும் எல்.டி.எல். துகள்கள் ரத்தக்குழாயின் உள்சவ்வைத் தாண்டி, சுவருக்குள்ளேயே நுழைகின்றன. அங்கே மாட்டிக்கொண்டு ஆக்சிகரணமடைகின்றன. சுவரின் மேல்செல்கள் இதை உணர்ந்து மோனோசைட்டுகள் ஒட்டிக்கொள்ளப் பிசின் போன்ற புரதங்களை வெளியே நீட்டுகின்றன. கோன்ஹைம் தவளையில் கண்ட அதே நிகழ்ச்சி: ஒட்டுதல், நுழைதல். உள்ளே போன மோனோசைட் மேக்ரோபேஜாகி, கெட்டுப்போன எல்.டி.எல்.லை விழுங்குகிறது. சாதாரண எல்.டி.எல்.லை எடுத்துக்கொள்ளும் வாயில், செல்லுக்குள் கொழுப்பு கூடினால் மூடிக்கொள்ளும். கெட்டுப்போனதை எடுக்கும் வாயிலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே மேக்ரோபேஜ் விழுங்கிக்கொண்டே இருக்கிறது; நுண்ணோக்கியில் நுரை பொங்கியதுபோலத் தெரிவதால் அதை நுரைச்செல் என்கிறார்கள்.

விழுங்கிய கொலஸ்டிரால் ஓர் அளவுக்கு மேல் போனால் படிகமாகும். படிகம் என்றதும் சிலிக்கா நினைவுக்கு வரவேண்டும். இன்ஃபிளமசோமை 2002இல் விவரித்தவர் சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த யூர்க் சோப். 2006இல் அவர் குழு, கௌட் மூட்டுவலியை உண்டாக்கும் யூரிக் அமிலப் படிகங்கள் இந்த அமைப்பையே தூண்டுகின்றன என்று காட்டியது. 2008இல் சிலிக்காவும் ஆஸ்பெஸ்டாஸும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2010இல் கொலஸ்டிரால் படிகங்களும். கல்குவாரித் தொழிலாளியின் நுரையீரலிலும், கட்டைவிரல் மூட்டு வீங்கி இரவெல்லாம் தூங்காதவர் காலிலும், மாரடைப்புக்கு ஆளாகப்போகிறவரின் இதயக் குழாயிலும் ஒரே புரத இயந்திரம் ஒரே சைட்டோகைனை வெளியிடுகிறது. கடந்த கால்நூற்றாண்டு உயிரியலில் இதைவிட அழகான ஒற்றுமை அதிகம் இல்லை என்பேன்.

குழாய்ச் சுவரிலும் முடிவு வராததுதான் சிக்கல். செத்த நுரைச்செல்களை அப்புறப்படுத்த வேண்டிய மேக்ரோபேஜ்கள் தாமே கொழுப்பு நிரம்பித் திணறுவதால், பிணங்கள் தேங்கிக் கூழாகின்றன. அந்தக் கூழின்மேல் தசைச்செல்களும் கொலாஜனும் ஒரு மூடியை அமைக்கின்றன. மேக்ரோபேஜ்கள் சுரக்கும் நொதிகள் அந்த மூடியை உள்ளிருந்து அரிக்கின்றன. ஒருநாள் மூடி கிழிந்து கூழ் ரத்தத்தில் படுகிறது, சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. அதனால்தான் 'அடைப்பு முப்பது சதவீதம்தான்' என்று சொல்லப்பட்டவருக்கும் மாரடைப்பு வரலாம். எத்தனை சதவீதம் அடைப்பு என்பதோடு, மூடி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதும் முக்கியம். குழாய்த் தடிப்பை ஓர் அழற்சி என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ருடால்ஃப் விர்ஹோ வாதிட்டார். ரசல் ராஸ் 1999இல் அதே கருத்தை நிறுவி எழுதும்வரை பெரும்பாலான இதய மருத்துவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

கொழுப்பு என்றால் குழாயில் மட்டுமன்று, வயிற்றிலும் பார்க்க வேண்டும். 1993இல் கோகன் ஹோடமிஸ்லிகில் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டி.என்.எஃப். சுரக்கிறது, அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்று காட்டினார். கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கு என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. பத்தாண்டு கழித்து, மெலிந்த உடலின் கொழுப்புத் திசுவில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் மேக்ரோபேஜ்கள், மிகப் பருத்த உடலில் 40 சதவீதத்தைத் தொடுவது தெரியவந்தது. அளவுக்கு மீறி வீங்கிய கொழுப்புச் செல் செத்துப்போகும். அதன் எண்ணெய்த் துளி ஒரு மேக்ரோபேஜால் விழுங்க முடியாத அளவுக்குப் பெரிது. ஆகவே பல மேக்ரோபேஜ்கள் அதைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து மெல்ல மெல்லத் தின்னும். சாப்பாடு குறையாதவரை இந்த வேலையும் முடியாது.

ஒல்லியாக இருக்கிறேன், எனக்கென்ன என்று நம்மவர்கள் தப்பிக்க முடியாது. புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்ற படத்தை 2004இல் லான்செட் இதழ் வெளியிட்டது. இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே, 22.3. உடலின் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்தியர்களின் கொழுப்பு தோலுக்கடியில் நிற்காமல் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் சேர்கிறது. அழற்சியைத் தூண்டுவதில் அந்த இடத்துக் கொழுப்பே கெட்டது. எடை பார்க்கும் எந்திரத்தைவிடப் பேன்ட்டின் இடுப்பளவு நமக்கு உண்மை சொல்லும்.

மற்றக் காரணங்களை நீட்டி எழுத வேண்டியதில்லை. அவை எல்லோரும் அறிந்தவையே. புகையிலை, விறகடுப்புப் புகை, நகரத்துக் காற்றின் நுண்துகள், பல்லீறில் ஆண்டுக்கணக்கில் தங்கிய சீழ். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், பலருக்குத் தெரியாது என்பதால். வயதாக ஆக எலும்பு மஜ்ஜையின் தாய்ச்செல்களில் டெட்2 போன்ற மரபணுக்கள் பிறழ்கின்றன. பிறழ்ந்த ஒரு தாய்ச்செல்லின் வாரிசுகள் ரத்தத்தில் பெருகிவிடுகின்றன. எழுபதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இது உண்டு. புற்றுநோய் இல்லை; ஆனால் இந்த வாரிசு மேக்ரோபேஜ்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை அதிகம் சுரக்கின்றன. இப்படிப்பட்டவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பு என்று 2017இல் சித்தார்த்தா ஜெய்ஸ்வாலின் குழு எழுதியது. கொலஸ்டிராலும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்த சிலருக்கும் மாரடைப்பு வருவதற்கான விளக்கங்களில் இதுவும் ஒன்று.

விளைவுகளில் அதிகம் கவனிக்கப்படாதது ரத்தசோகை. அழற்சியில் இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைன் கூடும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது குடலிலிருந்து இரும்புச்சத்து ரத்தத்துக்குப் போகும் வழியை மூடும். மேக்ரோபேஜ்களுக்குள் இருக்கும் இரும்பும் வெளியே வராது. கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் செய்யும் பழைய தந்திரம் இது. சில நாள் காய்ச்சலில் நல்லது. ஆண்டுக்கணக்கில் நீண்டால் உடலில் இரும்பு இருந்தும் ஹீமோகுளோபின் உருவாகாது. மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை போட்டும் ரத்தம் ஊறாத பெண்ணுக்கு மேலும் மாத்திரை கொடுப்பதற்கு முன், எங்கேனும் அழற்சி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அழற்சியில் ஃபெரிட்டின் தானாகவே கூடும் என்பதால் அந்தப் பரிசோதனை மட்டும் போதாது.

அழற்சி புற்றில் முடியும் வழியும் நம் கடைத்தெருவிலேயே இருக்கிறது. பாக்கு மெல்லுகிறவரின் கன்னத்தின் உட்புறம் எரிந்து, வெளுத்து, பிறகு நாராக இறுகி வாயைத் திறக்க முடியாமல் போகும் நோயில், தொடர்ந்த அழற்சியும் பாக்கின் வேதிப்பொருள்களும் சேர்ந்து ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளை ஓயாமல் கொலாஜன் நெய்ய வைக்கின்றன. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றூக்கி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோயாளிகளை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது 7.6 சதவீதம் பேருக்கு வாய்ப்புற்று வந்திருந்தது. கல்லீரலில் ஹெபடைட்டிஸ் பி, இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்று காரணி மாறினாலும் போக்கு ஒன்றுதான்: சாகிற செல்களை ஈடுகட்ட மற்றவை பிளந்துகொண்டே இருக்க, ஒவ்வொரு பிளவிலும் மரபணுப் பிழைக்கு இடம் கிடைக்கிறது.

அப்படியானால் அழற்சியை அடக்கிவிட்டால் மாரடைப்பு குறையுமா? நெடுங்காலமாக ஊகமாக இருந்த கேள்விக்கு 2017இல் கான்டோஸ் ஆய்வு நேரடியாக விடை தேடியது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேர். இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மட்டும் தடுக்கும் கனகினுமாப் ஊசி. எல்.டி.எல். அளவு மாறவில்லை, ஆனால் 150 மில்லிகிராம் பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. கொள்கை நிரூபணமானது. கூடவே, தொற்றால் இறப்பவர்கள் எண்ணிக்கை கூடியது. இதயநோய்க்கு இம்மருந்தைப் பயன்படுத்த அமெரிக்க அரசு அனுமதி தரவில்லை. அடுத்த ஆண்டு மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வைத்துச் செய்த ஆய்வில் பலனே இல்லை. அழற்சியை அடக்கும் மருந்து எல்லாம் எல்லா அழற்சிக்கும் பொருந்தாது. எந்தச் செல், எந்தச் சைட்டோகைன் என்பது முக்கியம் என்று அது கற்பித்தது. சர்க்கரை நோயில் டி.என்.எஃப். தடுப்பை முயன்றபோதும், எலியில் கிடைத்த பலன் மனிதரில் கிடைக்கவில்லை.

பிறகு வந்தது மிகப் பழைய மருந்தான கோல்சிசின். கௌட் வலிக்குக் காலங்காலமாகக் கொடுக்கப்படுவது. வெள்ளணுக்கள் நகர்வதற்கும் இன்ஃபிளமசோம் ஒன்றுகூடுவதற்கும் தேவையான, செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்களை அது கட்டவிடாது. நாளைக்கு 0.5 மில்லிகிராம் கொடுத்ததில், 2019இல் வெளியான கோல்காட் ஆய்வில் இதய நிகழ்வுகள் 23 சதவீதமும், 2020இன் லோடோகோ-2 ஆய்வில் 31 சதவீதமும் குறைந்தன. 2023இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. 2024இல் மாரடைப்பு வந்த கையோடு கொடுத்துப் பார்த்த 7,062 பேர் கொண்ட பெரிய ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. ஆக வழக்கு இன்னும் முடியவில்லை. இந்த மருந்துக்கு மூலப்பொருள் தரும் செடிகளில் ஒன்று நம் மாநில மலரான செங்காந்தள். ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிராகிறது. அதன் கிழங்கைத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள ஒன்றை, சிறுநீரகம் சரியில்லாதவர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாவிட்டால் வாசகர் விடமாட்டார். சோதனைக் குழாயில் குர்குமின் பல சைட்டோகைன்களைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் அது குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, ரத்தத்தில் நிற்பதும் இல்லை. 2017இல் அமெரிக்க வேதியியலாளர்கள் திரட்டிப் பார்த்தபோது, போலி மருந்தோடு ஒப்பிட்டு நடத்திய முறையான சோதனைகளில் வென்றதாக ஒன்றையும் அவர்களால் காட்ட முடியவில்லை. குழம்பில் மஞ்சள் இருக்கட்டும். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து அதைக் குப்பியில் வாங்குவது வீண். கல்தூசியும், புகையிலையும், பாக்கும், வயிற்றுக் கொழுப்பும், உறங்கும் காசநோயும் உள்ளே இருக்கும்வரை, முடிவைத் தள்ளிப்போடும் காரணத்தை விட்டுவிட்டு அழற்சியை மட்டும் குறைக்கப் பார்ப்பது தலைகீழ் வைத்தியம். கல் அறுக்கும் இடத்தில் தண்ணீர் தெளித்து அறுத்தால் தூசி பறப்பது பெரிதும் குறையும். அழற்சிக்கு எதிராக நான் அறிந்த மிக மலிவான, மிகப் பலனுள்ள சிகிச்சை அது.

கடைசியாக, முழு உடல் பரிசோதனைத் தாளில் இப்போது தவறாமல் இடம்பெறும் உணர்திறன் மிகுந்த சி.ஆர்.பி. எண். இன்டர்லூக்கின்-6 சொல்லிக் கல்லீரல் செய்யும் புரதம் இது. 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் கண்டறியப்பட்டது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதயநோய் அபாயம் குறைவு, 3க்கு மேல் அதிகம். மரபணு ஆய்வுகளின்படி சி.ஆர்.பி. தானே குழாயைக் கெடுப்பதில்லை. அது ஒரு சாட்சி மட்டும். ஆகவே எண்ணைக் குறைக்க மருந்து தேடாமல், அது எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். சளி, காய்ச்சல், பல்வலி இருக்கும் வாரத்தில் இந்தப் பரிசோதனையைச் செய்யாதீர்கள். 10க்கு மேல் வந்தால் அது பெரும்பாலும் தொற்றின் கணக்கு. சரியான பிறகு மறுபடி எடுங்கள். இல்லாவிட்டாலும் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்த்த பிறகே மருத்துவரிடம் போய் அதைப் பற்றிப் பேசுங்கள்.